மழை படாத பெட்டிக்குள் தண்ணீர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே குறையைச் சொல்கின்றன. வீட்டில் ஆசையாகக் கையால் செய்து வெளியே மாட்டிய சர்க்யூட், மழைக்காலம் தாண்டியதும் செத்துப்போகிறது. காரைக்குடியில் 31 வருடம் ரேடியோ, ஸ்டெபிலைசர், மோட்டார் ஸ்டார்ட்டர் என்று ரிப்பேர் பார்த்தவன் நான். என் மேஜைக்கு வந்த போர்டுகளில் மின்னல் கொன்றதைவிட ஈரம் கொன்றதே அதிகம். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: ஐயா, மாடி டேங்க் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் சர்க்யூட் ஒன்றை நானே செய்தேன். பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மூடி ஓரம் முழுக்க சிலிக்கான் தடவி, டேங்க் பக்கத்துச் சுவரில் மாட்டினேன். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் தாங்கியது. தை பிறந்ததும் ஒருநாள் மோட்டார் நிற்காமல் ஓடி மாடியெல்லாம் வெள்ளம். திறந்து பார்த்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், போர்டு முழுக்கப் பச்சை. சிலிக்கான் எங்கேயும் விடவில்லை. தண்ணீர் எப்படி உள்ளே போனது?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: உங்கள் கைவேலையில் பிசகு இல்லை. தண்ணீர் காற்றோடு கலந்து உள்ளே போயிருக்கிறது.

மாடியில் பகல் 2 மணி வெயிலில் அந்தப் பெட்டிக்குள் 60 டிகிரி சுலபமாக ஏறும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஒயர் நுழையும் இடம், திருகு ஓட்டை என்று மயிரிழை இடம் கிடைத்தாலும் அதன் வழியே வெளியேறும். திடீரென்று ஒரு மழை கொட்டினால் பத்து நிமிடத்தில் பெட்டி 25 டிகிரிக்கு இறங்கிவிடும். உள்ளே காற்று சுருங்கும். ஒரு லிட்டர் பெட்டி என்றால் ஏறக்குறைய 100 மில்லி காற்றை வெளியிலிருந்து இழுக்கும். அந்த நேரம் ஒயர் ஓரத்தில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றால் காற்றுக்குப் பதில் அதையே உறிஞ்சும். தினமும் ஒரு தடவையாவது இப்படி மூச்சு வாங்கி மூச்சு விடுகிறது உங்கள் பெட்டி. இன்னொன்றும் இருக்கிறது. சிலிக்கான் தண்ணீரைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. அதன் வழியாகவே ஈரம் மெல்லப் புகுந்துவிடும்.

மழையில் பிழைத்தது பிறகு ஏன் செத்தது? 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம்தான் தாங்கும். மிச்சம் எங்கேயாவது தண்ணீராக நின்றாக வேண்டும். மேகம் இல்லாத மார்கழி இரவில், வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெட்டி மூடி சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் சைக்கிள் சீட்டில் பனி பூத்து நிற்பதும் இதனால்தான். உங்கள் மூடியின் உள்பக்கம் நின்ற முத்துகளும் அதே பனிதான். மூடியிலிருந்து சொட்டு போர்டில் விழும். பகலில் ஆவியாகி மறுபடி மூடிக்கே போகும். வெளியேற வழி இல்லாததால் வந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

நம் பக்கத்துப் பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். கட்டியவர்கள் மழையை முழுக்கத் தடுக்கப் பார்க்கவில்லை. நாலு பக்க ஓட்டுச் சரிவும் நடுவே திறந்து கிடக்கும் வளவு வாசலுக்குள்தான் இறங்குகிறது. விழுவதை அண்டா வைத்துப் பிடித்தார்கள். மிச்சம் மடை வழியாகத் தெருக் கால்வாய்க்குப் போய் ஊருணியில் சேர்ந்தது. உள்ளே வரும் தண்ணீருக்குப் போகும் வழியையும் சேர்த்தே கட்டினார்கள். பெட்டிக்கும் நான் அதையே சொல்வேன். அதன் அடிப்பக்கத்தில், மிகத் தாழ்வான மூலையில், 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போடுங்கள். மழை மேலிருந்து வரும், ஓட்டை கீழே பார்க்கும், தண்ணீர் ஏறாது. சேர்ந்த பனி அதன் வழியாக வடியும். காற்றும் அந்த வழியாகவே போய் வருவதால் ஒயர் ஓரத்துத் தண்ணீரை உறிஞ்ச வேண்டிய அவசியம் பெட்டிக்கு வராது. சிலிக்கான் பூசி இறுக்கி மூடிய பெட்டியைவிட அடியில் ஓட்டை உள்ள பெட்டி அதிக நாள் உழைக்கும் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நான் இரண்டையும் பார்த்துவிட்டேன், அதனால் உறுதியாகவே சொல்கிறேன்.

ஒயர்கள் எல்லாம் அடிப்பக்கமாகவே நுழையட்டும், ஒயரைச் சுற்றி இறுக்கி இடைவெளியை அடைக்கும் கேபிள் கிளாண்ட் போட்டு. நுழைவதற்கு முன் ஒயர் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும். ஒயரில் ஓடி வரும் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அப்புறம், பலபுரி ஒயரின் புரிகளுக்கு நடுவே தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறும். வெளிமுனை ஈரத்தில் இருந்தால் ஒயரின் வயிற்றுக்குள்ளேயே பயணம் செய்து பெட்டிக்கு வந்துவிடும். வெளிமுனையில் சாலிடரை நன்றாக ஊறவிட்டு, மேலே, சூடு காட்டினால் சுருங்கி இறுகும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு மூடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்ட போர்டுகள் என்னிடம் எத்தனையோ வந்திருக்கின்றன.

இடத்தையும் மாற்றுங்கள். டேங்க் சுவரை விட்டு, மாடிப்படிக் கூரையின் கீழ் மாட்டினால் வெயில், மழை, பனி மூன்றும் பாதியாகக் குறையும். மோட்டாரை நேரடியாக இயக்கும் ரிலேயைக் கீழே, வீட்டுக்குள், ஸ்டார்ட்டர் பக்கத்திலேயே வையுங்கள். மாடிக்கு 12 வோல்ட் ஒயர் மட்டும் போகட்டும். ஈரமான இடத்துக்கு 230 வோல்ட் போகவே வேண்டாம். இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

நீங்கள் பூசிய சிலிக்கானை முகர்ந்து பார்த்தீர்களா? வினிகர் வாடை அடித்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை. கண்ணாடித் தொட்டி ஒட்ட அருமையானது, செம்புக்கு எமன். செம்புப் பாத்திரத்தில் மோர் ஊற்றி வைக்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா, அதே காரணம்தான். புளிப்பு பட்டால் செம்பில் களிம்பு ஏறும். என் மாமா தோப்பில் கேட் பெல் ஒன்றுக்கு நான் அந்த வகையைத்தான் போர்டின் மேலேயே தாராளமாகப் பூசிவிட்டு வந்தேன். இரண்டு மாதத்தில் செம்புத் தடங்கள் பச்சையாகி இரண்டு இடத்தில் அறுந்துபோயின. அதைப் பார்த்தபோது மனது மிகவும் கஷ்டப்பட்டது, என் தவறு என்பதால். கடையில் ‘நியூட்ரல் க்யூர்’ என்று எழுதிய டியூபைக் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும்.

ஐபி 67 பெட்டி வாங்கினால் போதாதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். முதல் எண் 6 என்றால் தூசி புகாது. இரண்டாவது எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும். அரைமணி நேரச் சோதனைக்கும் வருடக்கணக்கில் வெயிலிலும் பனியிலும் மூச்சு விடுவதற்கும் சம்பந்தமில்லை. ஒயருக்காக நீங்கள் ஓட்டை போட்டு சரியான கிளாண்ட் மாட்டாமல் விட்டால், அந்த எண்ணும் பெட்டியின் மேல் வெறும் எழுத்துத்தான்.

கேள்வி: கொல்லையில் கத்தரியும் வெண்டையும் போட்டிருக்கிறேன். மண் காய்ந்தால் சின்ன பம்ப் ஓடும்படி என் மகன் ஒரு சர்க்யூட் செய்து கொடுத்தான். மண்ணில் குத்தும் சென்சாரில் இரண்டு முள். மூன்று வாரத்தில் ஒரு முள் மட்டும் கரைந்துபோகிறது, இன்னொன்று நன்றாக இருக்கிறது. மூன்று சென்சார் மாற்றிவிட்டோம்.
— வாசகி, தேவகோட்டை

பதில்: அம்மா, கரைவது எப்போதும் பாசிட்டிவ் பக்கத்து முள்ளாகத்தான் இருக்கும், மகனிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமண்ணில் உப்பு இருக்கிறது. அதில் இரண்டு உலோகத்தை வைத்து டி.சி. கரண்ட் கொடுத்தால் பாசிட்டிவில் இருக்கும் உலோகம் மண்ணுக்குள் கரைந்து இறங்கும். முலாம் பூசும் பட்டறையில் நடக்கும் அதே வேலை உங்கள் கத்தரிப் பாத்தியிலும் நடக்கிறது.

இந்த விஷயத்தை ஆராய்வதற்கென்றே நம் ஊரில் ஒரு நிறுவனம் இருக்கிறது. நாம் சிக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அது காரைக்குடிக்கு வந்தது. உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அங்கே ஒரு பெரிய துறை. பள்ளிப் பிள்ளைகள் அந்த மதிலைத் தாண்டித் தினமும் சைக்கிளில் போகிறார்கள். உள்ளே நடப்பது தங்கள் வீட்டுக் கொல்லையிலும் நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி, வழி என்ன? சென்சாருக்கு 24 மணி நேரமும் கரண்ட் போவதுதான் கேடு. மண் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடாது. அரைமணிக்கு ஒரு தடவை ஒரே ஒரு வினாடி மட்டும் கரண்ட் கொடுத்து அளந்தால் போதும். கரையும் நேரம் 1,800-ல் ஒரு பங்காகக் குறையும். புரோகிராம் எழுதத் தெரிந்த பிள்ளை என்றால், ஒரு தடவை இந்த முள்ளுக்கும் மறு தடவை அந்த முள்ளுக்கும் பாசிட்டிவ் போகும்படி மாற்றச் சொல்லுங்கள். முள்ளாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியோ, பழைய டார்ச் பேட்டரியின் நடுவே இருக்கும் கரித்தண்டோ பயன்படுத்தலாம். நான் கரித்தண்டுதான் வைப்பேன்.

உலோகம் வெளியே தெரியாத கெபாசிட்டிவ் சென்சாரும் கிடைக்கிறது, அது கரையாது. ஆனால் அந்தப் பட்டையின் வெட்டிய ஓரங்கள் பூச்சு இல்லாமல் இருக்கும். அதன் வழியே போர்டு தண்ணீரைக் குடித்து உப்பும். மண்ணில் குத்தும் முன் ஓரங்களில் எபாக்ஸி பசை தடவிக் காயவிடுங்கள். மேல்பகுதியில் உதிரிபாகங்கள் இருக்கும் இடத்தை ஹீட் ஷ்ரிங்க் டியூபில் போட்டு மூடுங்கள்.

கேள்வி: சார், நான் பதினொன்றாம் வகுப்பு. ஈரம் படாமலிருக்கப் போர்டு மேல் பூசும் ஸ்பிரே வாங்கக் காசு இல்லை. நெயில் பாலிஷ் பூசலாமா? நண்பன் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றலாம் என்கிறான்.
— மாணவர், பள்ளத்தூர்

பதில்: தம்பி, நெயில் பாலிஷ் பூசலாம், நிறமில்லாத வகை மட்டும். மினுமினுப்பு உள்ளதில் உலோகத்தூள் இருக்கலாம். மெழுகு வேண்டாம். வெயிலில் பெட்டி ஏறும் சூட்டுக்கு மெழுகு இளகி வழிந்துவிடும்.

ஆனால் எதைப் பூசுகிறாய் என்பதைவிட, பூசுவதற்கு முன் என்ன செய்கிறாய் என்பதுதான் முக்கியம். சாலிடர் வைத்த இடத்தைச் சுற்றி மஞ்சளாகப் பிசுபிசுவென்று, சாலிடர் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் நிற்கிறது பார். அதில் ஈரம் பட்டால் கரண்ட் கசியும் பாதையாகிவிடும். பாசிட்டிவ் தடத்திலிருந்து கரைந்த உலோகம் நெகட்டிவ் பக்கத்தில் முடிபோல, மரக்கிளைபோல வளர்ந்து ஒருநாள் எதிர்த் தடத்தைத் தொட்டுவிடும். தேவகோட்டை அம்மாவின் சென்சாரில் நடந்த அதே விஷயம் உன் போர்டில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நடக்கும். ஃபிளக்ஸ் மேலேயே பூசினால் கேடு செய்வதை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல ஆகும்.

ஐசோபுரோபைல் ஆல்கஹால் சின்னப் பாட்டில் ஒன்று வாங்கு. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு. பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இருக்கக் கூடாது. வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, கைவிரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லிதாக ஒரு பூச்சு கொடு, காய்ந்த பிறகு இன்னொன்று. ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் வெடிப்பு விடும். பிளக் செருகும் இடம், சுவிட்ச், திருகி அளவு மாற்றும் பிரிசெட், ரிலேயின் காற்று ஓட்டை, ஈரம் அளக்கும் சென்சார், இவற்றில் பூச்சு படவே கூடாது. செல்லோ டேப்பால் மறைத்துக்கொள். திருகி மாட்டும் டெர்மினலில் ஒயரை இறுக்கிய பிறகு கொஞ்சம் வாசலின் தடவிவிடு. 230 வோல்ட் ஓடும் பக்கத்தில் நெயில் பாலிஷை நம்பாதே, அது தீப்பிடிக்கக்கூடிய பொருள். அந்தப் பகுதியைத் தொடும் முன் அப்பாவையோ ஒரு எலக்ட்ரீஷியனையோ பக்கத்தில் வைத்துக்கொள்.

காசு சேர்ந்ததும் அக்ரிலிக் ஸ்பிரே ஒன்று வாங்கு. பிறகு பழுது வந்தாலும் அதன் மேலேயே சாலிடர் வைத்து ரிப்பேர் பார்க்க முடியும்.

கேள்வி: கோனாபட்டில் எங்கள் வீடு பூட்டியே கிடக்கிறது. முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்கும் ஊர்க் கோயில் திருவிழாவுக்கும்தான் வருகிறோம். முகப்பில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் என் போனுக்குச் சேதி அனுப்பும் சர்க்யூட் மாட்டியிருக்கிறேன். சிலிக்கா ஜெல் பாக்கெட் நான்கு போட்டும் ஆறு மாதத்தில் உள்ளே ஈரம்.
— சென்னையில் வசிக்கும் வாசகர்

பதில்: பெட்டி தினமும் மூச்சு விடுகிறது என்று மேலே சொன்னேன். ஜெல் அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், வயிறு நிறைந்ததும் நின்றுவிடும். ஆறு மாதம் ஆளில்லாத வீட்டில் அதை நம்புவதில் பயனில்லை. நீல நிற ஜெல் என்றால் நிறைந்ததும் இளஞ்சிவப்பாக மாறும். 120 டிகிரி அளவில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். நீலத்துக்குக் காரணம் கோபால்ட் உப்பு, அது உடம்புக்கு ஆகாது. ஆகவே சமையல் பாத்திரத்தில் அதை வறுக்காதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது சூடு. பெட்டியின் உள்பக்கம் வெளிக்காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருந்தாலே பனி பிடிக்காது. 12 வோல்ட் அடாப்டரின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். 80 மில்லி ஆம்பியர் ஓடும், ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் சூடு வரும். ஒரு வாட் ரெசிஸ்டர் போட்டால் கருகும், 5 வாட் வெள்ளைச் செராமிக் வகையைப் போடுங்கள். போர்டுக்குக் கீழே, பிளாஸ்டிக்கைத் தொடாமல் தொங்கட்டும். ஊரில் பழைய ரேடியோக்கள் உள்ளே இருந்த கண்ணாடி வால்வுகளின் சூட்டிலேயே உலர்ந்து கிடந்தன, தினமும் பாட்டுக் கேட்ட வீட்டு ரேடியோ அவ்வளவு சீக்கிரம் கெட்டதில்லை. பூட்டி வைத்த ரேடியோதான் என்னிடம் வந்தது.

இதில் ஒரு எச்சரிக்கை. கரண்ட் போனாலும் ஓடுவதற்கு பேட்டரி வைத்திருந்தால், இந்த ரெசிஸ்டரை அதன் பக்கம் மாட்டிவிடாதீர்கள். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 2 ஆம்பியர்-ஹவர் தின்றுவிடும். கரண்ட் போனால் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நான்கு நாள்கூடத் தாங்காது. அடாப்டர் பக்கம், பேட்டரி கரண்ட் திரும்பி வராமல் தடுக்கும் டயோடுக்கு முன்னால் மாட்டுங்கள். அப்படி மாட்டினால் கரண்ட் இருக்கும்போது மட்டும் சூடேறும்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் பேசாமல் போர்டு முழுக்க எபாக்ஸி ஊற்றி உறையவைத்துவிட்டால்?
— வாசகர், புதுவயல்

பதில்: ஐம்பது ரூபாய் எல்.இ.டி. சர்க்யூட் என்றால் ஊற்றுங்கள். மற்றதற்கு வேண்டாம். ஒரு டிரான்சிஸ்டர் போனாலும் முழுப் போர்டும் குப்பைக்குத்தான். மொத்தமாக ஊற்றும்போது எபாக்ஸி தானே கொதிப்பேறும், இறுகும்போது சின்ன உதிரிபாகங்களின் கால்களை இழுத்து உடைக்கும். சூடாகும் ரெகுலேட்டருக்கு மூச்சு முட்டும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் தலையில், உள்ளே அழுத்தம் ஏறினால் திறப்பதற்காகக் கீறியிருக்கும் கோடுகளை அடைத்துவிட்டால் அது பாதுகாப்பாகத் திறக்க இடமில்லாமல் போகும். ரிப்பேர்காரனாக என் மனதுக்கும் இது ஒப்பவில்லை. செய்த ஒரு பொருளைத் திறந்து பார்க்க வழி இருக்க வேண்டும்.

கேள்வி: முன்பு நீங்கள் சொன்னபடி பெட்டியின் அடியில் ஓட்டை போட்டேன். ஈரம் இல்லை. ஆனால் எறும்பு புற்று வைத்துவிட்டது!
— வாசகர், ஆத்தங்குடி

பதில்: உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், வலை போடச் சொல்லாமல் விட்டது நான்தான். கானாடுகாத்தான் வாசகரும் இதைக் குறித்துக்கொள்ளட்டும். பழைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டீ வடிகட்டியிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் அளவு வலையை வெட்டி, ஓட்டையின் உள்பக்கம் வைத்து, ஓரத்தில் மட்டும் எபாக்ஸி தடவி ஒட்டுங்கள். நடுவில் பசை படாமல் பாருங்கள். எறும்பு நின்றுவிடும், பல்லிக்குஞ்சும் உள்ளே போய் ரிலே காலில் ஒட்டிச் சாகாது. குளவி மட்டும் வெளிப்பக்கம் மண் அப்பி அடைக்கும், அதற்கு வலை போதாது. புரட்டாசி கடைசியில் ஒருநாள் ஏணி வைத்து ஏறி, தென்னை ஈர்க்கால் அந்த மண்ணைக் குத்திவிட்டு, வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.